பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே

பிராஸ் பசாவில் ஒரு பழைய புத்தகக் கடை
மூடிக்கொண்டிருந்த வாரம்,
நாலு வெள்ளிக்கு வாங்கினேன் இந்த வரைபடத்தை.
ஸ்காட்லாந்தின் மேற்கோரம், மல் என்றொரு தீவு.
அதில் பென் மோர். பெயரைப் பிரித்தால்
பெரிய மலை, அவ்வளவுதான்.
வைத்தவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

தொள்ளாயிரத்து அறுபத்தாறு மீட்டர்.
நம் புக்கிட் தீமாவை
ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு வைக்க வேண்டும்.

ஏற இரண்டு வழி.
கடலோரச் சாலையில் தொடங்கி
ஓடையை விடாமல் பிடித்துக்கொண்டு போவது ஒன்று:
நீளம், சலிப்பு, பத்திரம்.
மற்றது கிழக்கே சுற்றி,
கத்திமுனை முகட்டில் கையும் ஊன்றி ஏறுவது.
அந்த முகட்டின் பெயருக்குக்
கொங்கை என்று பொருளாம்.
குன்றைக் கண்டதும் நம் பழம்புலவர்களுக்கு
வந்த அதே நினைப்பு அங்கேயும் வந்திருக்கிறது.
நெய்தலில் நனைந்த செருப்போடு
நேரே குறிஞ்சிக்குப் போகலாம்;
நடுவில் ஆடுகள் இருப்பதால்
முல்லையும் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.
உச்சிப் பாறைகளில் காந்தம்.
திசைகாட்டி அங்கே பொய் சொல்லும்.

யாரோ பென்சிலால்
சலிப்பு வழியைக் கீறியிருக்கிறார்.
850 என்ற கோட்டில் ஒரு பெருக்கல் குறி.
பக்கத்தில் சாய்ந்த எழுத்து:
2.40. மூடுபனி. திரும்பினோம்.

பகலெல்லாம் நகர மன்றத்தில்
மின்தூக்கிப் புகார்களுக்குப் பதில் சொல்பவள் நான்.
"இரண்டு மணி நேரத்தில் ஆள் வருவார், மேடம்."
மாலையில் மரீன் பரேடில்
எங்கள் இருபத்தைந்து மாடியைப் படியில் ஏறுகிறேன்.
பதினான்கு முறை, பிறகு பத்தாம் மாடி வரை:
அதுதான் பென் மோர்.
உச்சியில் யார் வீட்டிலோ நெத்திலி பொரியும்.

ஒன்பதாம் மாடி கெங் ஆன்ட்டி
கதவைத் திறந்து கேட்பார்:
"லிஃப்ட் ரோசாக்கா?"
இல்லை ஆன்ட்டி, மலை.
அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

கணக்கும் போட்டுவிட்டேன்.
அந்தப் பென்சில்காரர் நின்ற இடம்
பதின்மூன்றாம் ஏற்றத்தில்,
பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே,
படி திரும்புகிற மூலை.
அங்கே ஒரு சைக்கிள், காற்றில்லாமல்.
ரோஸ்லானுடைய பாண்டான் தொட்டி.
ஒவ்வொரு தடவையும் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு
மேலே போவேன், கொஞ்சம் திமிரோடு.

இந்தப் பேட்டையே ஒருகாலத்தில் கடல்.
பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக்
கொண்டுவந்து கொட்டி நிரப்பிய தரை.
அதாவது, படுத்துக்கிடக்கும் மலைமேல்
நிற்கிற மலையை ஏறுகிறேன்.
யாரிடம் சொன்னாலும் கோப்பியைக் கலக்குகிறார்கள்.

செப்டம்பரில் புகைமூட்டம்.
எதிர் புளோக் காணாமல் போனது,
பிறகு கப்பல்கள்,
பிறகு கடல் இருந்ததற்கான அடையாளமே.
பன்னிரண்டு ஏறிவிட்டேன்.
பதின்மூன்றாவதில் அந்த மூலையில்
மார்பு கீச்சென்றது.
ரோஸ்லான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியபடி,
"சுடாலா, கா," என்றார்.
போதும் அக்கா.

மணி பார்த்தேன். 6.15.
எப்போதும் இறங்குவதற்கு
மின்தூக்கியைத்தான் அழைப்பேன்.
அன்றைக்கென்று ஏனோ பொத்தானை அழுத்தவில்லை.
பதினாறு, பதினைந்து, பதினான்கு.
இதுவரை எதுவும் கேட்காத முழங்கால்கள்
பத்தாம் மாடியில் பேசத் தொடங்கின.
ஏழில் உட்கார்ந்துவிட்டேன்.
நான்கு மாதமாக ஏற மட்டுமே கற்றிருக்கிறேன்;
பாதி மலை கையில் இல்லை.

இரவு விளக்கடியில் வரைபடத்தை விரித்தபோது
அந்தக் கோடு மட்டும்
அவ்வளவு தடிப்பாக இருந்தது கண்ணில் பட்டது.
அழுத்திக் கீறுகிற கை என்றுதான் நினைத்திருந்தேன்.
இல்லை. இரண்டு கோடுகள்,
ஒன்றன்மேல் ஒன்று.
வந்ததையும் வரைந்திருக்கிறார்.

மே மாதம் டிக்கெட்.
எந்த வழி என்று இன்னும் முடிவாகவில்லை.
நாளை இருபத்தைந்தாம் மாடிக்கு
மின்தூக்கியில் போய்
அங்கிருந்து தொடங்க வேண்டும்.